பொன்னியம்மாளின் எருமையும் முழுமனித மதிப்பீடும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான விஷயம், மனிதனை மூன்றாகப் பிரிப்பது: உடல், உள்ளம், சமூகம். 1988இல் இந்த ஞானம் மேற்குத் தாம்பரத்தில் வந்து இறங்கியது. பெங்களூரில் பயிற்சி முடித்து, ரெக்சின் பையோடு அதை இறக்கியவர் 'முழுமனித நல மைய' இயக்குநர் ராஜகோபால். இனி யார் வந்தாலும் மூன்றாகப் பிரித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று சபதம் செய்திருந்தார்.

முதலில் வந்து மாட்டியவள் இரும்புலியூர் பொன்னியம்மாள்.

"சார், எங்க ராணி ரோட்டுல நின்னுகினு இருந்துச்சுன்னு மாட்டுப் பவுண்டுல அடைச்சிட்டாங்க. அது என் எருமைதான்னு பெரிய மனுஷங்க யாராச்சும் சொன்னா வுட்டுருவாங்களாம். ஒரு போன் போடுங்க சார். வெள்ளிக்கிழமை ஏலம்."

போன் மேசைமேலேயே இருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் எடுத்துப் பேசியிருப்பான். ராஜகோபால் கண்ணாடியைத் துடைத்தார்.

"எருமைங்கிறது மேலோட்டமான பிரச்சினைம்மா. வேர் எங்க இருக்குன்னு பார்க்கணும்."

"வேரு இன்னாத்துக்கு சார்? அது புல்லுதான் துன்னும்."

முதலில் உடல். எடை பார்த்தார்கள், நாடி பிடித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். கல்லுக்குண்டு போல இருந்தாள். ராஜகோபாலுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அடுத்து உள்ளம். அதற்கு ஆலோசகர் பியூலா.

"சின்ன வயசுல உங்கம்மா உங்ககிட்ட பாசமா இருந்தாங்களா?"

"இருந்துச்சு. எருமைக்கு அப்புறந்தான்."

பியூலா ராஜகோபாலைப் பார்த்தார். ராஜகோபால் பியூலாவைப் பார்த்தார். அறிவியல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

கடைசியாகச் சமூகம்.

"வீட்டுல யார் யார்?"

"நானு, எம் பொண்ணு, ராணி."

"வீட்டுக்காரர்?"

"அது வூட்டுலதான் கீது சார். கறக்காது."

இங்கேதான் 'சிக்கல்' எழுந்தது. குடும்ப வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சம்பாதித்துப் போடும் ராணிக்கு? பெண்பால், ஆகவே வட்டம் என்றார் பியூலா. முக்கோணம்தான் மனித குலத்துக்குக் கௌரவம் என்றார் ராஜகோபால். அமர்வுகள் கூடின, கலைந்தன. இறுதியில் 'இடைக்கால ஏற்பாடாக' அறுகோணம் வரைந்து, தெளிவுரை வேண்டித் தலைமையகத்துக்கு எழுதினார்கள்.

வியாழக்கிழமை பொன்னியம்மாள் வாசலிலேயே நின்றாள். "சார், போனு?"

"மதிப்பீடு முடியாம தலையிடுறது தொழில் தர்மம் இல்லைம்மா."

"நாளைக்கு ஏலம் சார்! யாரு கையிலயாச்சும் பூட்டா இன்னா பண்றது?"

"பதற்றம்," என்று பியூலா பரவசத்தோடு குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராணியைப் பொத்தேரிக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு போனார்.

திங்களன்று பொன்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தல சுத்துது சார். கண்ண மூடுனா ராணி வந்து நிக்குது, ஒரே அழுவை. பால் வாங்குன வூட்டுக்காரங்க மொகம் குடுக்க மாட்றாங்க. தெருவே சிரிக்குது. ஒரே பேஜாரு."

ராஜகோபால் மெய்ம்மறந்து எழுந்து நின்றார். எருமை ஒன்று மட்டும் இல்லாமல் வந்தவள் இவள். அந்தக் குறையை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் மையமே தவித்தது. இன்றோ உடல், உள்ளம், சமூகம் மூன்றும் ஒரு குறையுமின்றிக் கெட்டிருந்தன.

"இனிமே கவலைப்படாதீங்கம்மா," என்றார், குரல் தழுதழுக்க. "இப்பத்தான் நீங்க எங்க உதவிக்குத் தகுதி ஆகியிருக்கீங்க."