வில்லு சார் வளைத்த குழாய்

நேர்கோட்டை இவ்வளவு தூரம் வெறுத்த மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த வேலையே நேர்கோடு போடுவதுதான்.

மன்னார்குடி சர்வே அலுவலகத்தில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். நான் அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அவருக்கென்று ஒரு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் வில்லு சார். வயல் வரப்பு எங்கே கொஞ்சம் நெளிந்தாலும் அதை அப்படியே வில்லாக வளைத்துப் படத்தில் போட்டுவிடுவார்.

"ஏன்யா, இது நிலமா ஜிலேபியா?" என்று தாசில்தார் ஒருநாள் படத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

"வாய்க்கால் அப்படித்தான் சார் போவுது. அதுகிட்டதான் கேக்கணும்" என்றார் வில்லு சார்.

கோட்டையில் ஆட்சி மாறி, அலுவலகச் சுவரில் படங்களும் மாறியிருந்த காலம் அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, யாரிடம் எத்தனை ஏக்கர் என்று ஊர் ஊராக அளந்துகொண்டிருந்தோம். மிராசுதார்கள் மகன் பெயரிலும் மருமகன் பெயரிலும் இன்னும் பிறக்காத பேரன் பெயரிலும் நிலத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அறுவடை வந்தால் கூலித் தகராறு. கதிர் நிற்கும், ஆட்கள் இறங்க மாட்டார்கள், போலீஸ் வேன் வரும். இதற்கெல்லாம் நடுவில் வில்லு சாரின் ஒரே கவலை, குளிக்கும்போது முதுகில் ஒட்டும் திரை.

நாங்கள் இருவரும் ராவுத்தர் லாட்ஜில் தங்கியிருந்தோம். ராவுத்தருக்குச் சொந்த ஊர் நாகூர். அவர் மச்சான் பினாங்கிலிருந்து கப்பலில் ஒரு ஷவரும், மஞ்சள் வாத்துகள் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் திரையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மாடி வராந்தாவின் கோடியில் மூன்று பக்கம் சுவர் எழுப்பி ஷவரை மாட்டினார் ராவுத்தர். நாலாவது பக்கம் கதவு வைத்தால் ஈரத்தில் ஊறிப்போகும் என்று, ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி வாத்துத் திரையைத் தொங்கவிட்டார். "மெட்ராஸ்லகூட இல்ல தம்பி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மெட்ராஸில் இல்லாததற்குக் காரணம் இருந்தது. இடம் குறுகல். தண்ணீரைத் திறந்த மறு நிமிஷம் திரை உள்ளே புடைத்து வந்து, எண்ணெய் போதாத கல்லில் தோசை மாதிரி முதுகைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஜமாபந்தி என்கிற வருஷக் கணக்குத் தணிக்கைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர், யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடிக்கிறார்கள் என்று அலறி, பதினேழு வாத்துகளோடு வராந்தாவில் ஓடினார். பதினேழு என்று எண்ணிச் சொன்னவர் வில்லு சார்.

அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "குத்தம் திரை மேல இல்ல தம்பி. மூங்கில் மேல. நேரா இருக்குல்ல, அதான் வினை. கம்பிய வெளிப்பக்கமா வளைச்சிட்டா ஆளுக்கு எடம் கெடைக்கும். திரை ஒதுங்கி நிக்கும்."

வளைத்தால் மட்டும் போதாது. ராவுத்தர் கட்டிய சுவர்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். எந்த அளவுக்கும் நீட்டவும் குறுக்கவும் வருகிற வளைந்த குழாய் வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு பெரிய குழாய், அதற்குள் நுழைகிற ஒரு சின்னக் குழாய். இரண்டிலும் பாமணி ஆற்று மணலை இறுக்கி அடைத்து, டிராக்டர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, கண்ணளவில் வளைத்தார். மணல் இருந்தால் குழாய் நசுங்காதாம். நசுங்கவில்லைதான். ஒன்றுக்குள் ஒன்று நுழையவும் இல்லை. நானும் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் இரண்டு திசையில் போய் விழுந்தோம்.

மூன்று நாள் அவர் சாப்பாட்டில் ரசத்தோடு நின்றுவிட்டார். நாலாம் நாள் பந்தியிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு கத்தினார்: "தம்பி! ரெண்டும் ஒரே வட்டத்தோட துண்டா இருக்கணும்யா!"

ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தை வாங்கி, இரண்டு குழாயையும் அதன் மேலேயே வைத்து வளைத்தார். இந்த முறை வெண்ணெயில் கத்தி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்வந்தது. அளவு வந்ததும் இறுக்க ஒரு திருகாணி. இரு முனையிலும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, சுவருக்குச் சுவர் முட்டக் கொடுத்து நிறுத்தினார். திரை வெளியே வளைந்து நின்றது. உள்ளே ஒரு ஆள் கையை வீசிக் குளிக்கலாம். ராவுத்தர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

பத்து நாள் கழித்துக் கூலிப் பேச்சுவார்த்தை வந்தது. தாலுகா ஆபீசில் பத்து மணிக்கு. பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மிராசுதார் முதல் நாளே வந்து எங்கள் லாட்ஜில் தங்கினார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளரும் அதே லாட்ஜில், கீழ் அறையில். எல்லோரும் அவரைத் தோழர் என்போம். ஒல்லி உடம்பு, தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு.

காலையில் மிராசுதார் குளிக்கப் போனார். அடுத்தது தோழர், வாளியோடு வராந்தாவில் நின்றார். அவருக்குப் பின்னால் நான். மிராசுதார் முகம் முழுக்க சோப்புப் போட்ட நேரம், குழாய் மெதுவாகக் குனிந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டது. வளைந்த குழாயின் பாரமெல்லாம் நடுவில். முனையோ வழுக்குகிற ரப்பர். நேர்க் கம்பி சுழன்றாலும் இருந்த இடத்தில் இருக்கும். வளைந்தது சுழன்றால் கவிழ்ந்துவிடும். இது வில்லு சாருக்குத் தோன்றவே இல்லை.

"யாருய்யா அங்க? தூக்கிப் புடிய்யா!" கண்ணைத் திறக்க முடியாமல் கத்தினார் மிராசுதார்.

தோழர் வாளியை வைத்துவிட்டுப் போய், குழாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"நல்லா ஒசத்திப் புடி. கூலி தர்றேன்."

"எவ்வளவு தருவீங்க?"

"குளிக்கிற எடத்துல என்னய்யா பேரம்?"

"குளிச்சு முடிச்சா நீங்க எங்ககிட்டப் பேச மாட்டீங்களே."

அது தோழர் குரல் என்று மிராசுதாருக்குப் பிடிபட்டுவிட்டது. மிகவும் இறங்கிய தொனியில் சொன்னார்: "கைய விட்டுடாதய்யா."

"விட மாட்டோங்க. நாங்க புடிச்சா விடறதில்ல."

அவர் துண்டு கட்டி வெளியே வரும்வரை தோழர் கை இறங்கவே இல்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்தது நான். அதுதான் வினையாகப் போயிற்று.

பேச்சுவார்த்தையில் மிராசுதார் வாயைத் திறக்காமல் எழுந்து போனார். சங்கத்தோடு சேர்ந்துகொண்டு ஒரு சர்க்கார் ஊழியர் தன்னை அவமானப்படுத்தப் பொறி வைத்துவிட்டார் என்று கலெக்டருக்கு எழுதிப் போட்டார். வில்லு சாருக்கு மெமோ வந்தது. அவர் நாலு பக்கம் விளக்கம் எழுதி, அளவோடு ஒரு படமும் இணைத்தார். அதில் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: "குழாய் கவிழ்ந்தது உண்மை. உள்ளே குளிப்பவர் எந்தத் தரப்பு என்று குழாய்க்குத் தெரிய வாய்ப்பில்லை."

அந்த வரிக்காகவே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு மனிதர் அடங்கிப்போனார். அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் சுவரில் பென்சிலால் அடிஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போட்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. என் சிரிப்புதானே மிராசுதாரை உசுப்பியது என்ற குற்ற உணர்ச்சி வேறு. "போவுது விடுங்க சார்" என்றேன். "கவுந்துடுச்சே தம்பி. வேலை போனாப் போவுது. கவுந்துடுச்சே" என்றார்.

ஒரு வாரம் கழித்து தோழர் வந்தார்.

"சார், அந்தக் கொழாய எங்க தெருவுக்குக் குடுங்க."

அவர் தெருவில் பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு அடி பம்ப்பு போட்டிருந்தார்கள், பஸ் ரோட்டைப் பார்த்தாற்போல. ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்ட மாதங்களில் பெண்கள் அங்கேதான் குளிக்க வேண்டும். பஸ் வருவதற்குள் கட்டின புடவையோடு நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடவேண்டும்.

"கவுந்துடும் தோழர்" என்றார் வில்லு சார்.

"கவுந்தா நான் புடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே" என்றார் தோழர்.

சஸ்பெண்ட் ஆன பிறகு முதன்முறையாக வில்லு சார் சிரித்தார். நாங்கள் மூவரும் குழாயை சைக்கிளில் வைத்துக் கட்டினோம். ராவுத்தர் வாத்துத் திரையையும் சுருட்டிக் கொடுத்தார். "இது இங்க இருந்தா அடுத்து மந்திரி தலையில விழும். எடுத்துட்டுப் போங்க."

பம்ப்புக்குப் பக்கத்தில் சங்கக் கொட்டகையின் சுவர். குழாயின் ஒரு முனை சுவரில், மறுமுனை எதிரே நட்ட பனங்கட்டையில். நடுவில் பம்ப்பு உள்ளே அடங்குகிற மாதிரி ரோட்டுப் பக்கம் வளைவு. தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் ஒரு குழாயை இன்னொன்றுக்குள் தள்ளிவிட்டால் வழி திறந்துவிடும். மாட்டினோம். தெருவே கூடி நின்று பார்த்தது. திரையைத் தொங்கவிட்டதும் குழாய் ஒரு கும்பிடு போட்டது.

கூட்டத்தில் பாக்கியம் என்று ஒரு பெண், நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. கிட்டே வந்து முனையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார், ஒத்தக் கால்ல நிக்குதுல்ல, அதான் சாயுது. சொவத்துப் பக்கம் மேல ஒரு கால், கீழ ஒரு கால் குடுங்க. கவட்டை மாதிரி. அப்பறம் எப்புடி சுத்தும்?"

வில்லு சார் அப்படியே தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த குழாய்ப் படத்தை விரித்தார்.

"அம்மா, உங்க பேரு சொல்லுங்க. இதுல போடணும்."

"என் பேரு எதுக்கு சார்? ஓட்டர் லிஸ்ட்டுலயே தப்பாத்தான் இருக்கு."

"இதுல சரியா இருக்கும்" என்று சொல்லி எழுதினார்.

பட்டறையில் இரண்டு முனைக்கும் இரும்புக் கவட்டை பற்ற வைத்துக் கொண்டுவந்தோம். நான் தொங்கிப் பார்த்தேன்; அசையவில்லை. யார் முதலில் குளிப்பது என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். "வாத்துக்கு நடுவுலயா!" என்று சிரிப்பு. பாக்கியம் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வில்லு சார் ஐம்பதடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி, கொடியேற்றத்துக்கு நிற்பவர் போல நின்றார்.

"கவுந்துச்சாம்மா?"

"இல்ல சார்!"

"ஒட்டுதா?"

"ஒட்டல சார்!"

"கை வீச எடம் இருக்கா?"

"சார், கேள்வி கேக்காம இருங்க சார். நிம்மதியாக் குளிக்கிறேன்ல!"

ஒரு பஸ் போயிற்று. இன்னொரு பஸ் போயிற்று. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவள், மற்றப் பெண்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வந்து ஒம்பது வருசம். இன்னைக்குத்தாண்டி பஸ் சத்தத்துக்குப் பயப்படாம குளிச்சேன்."

அதை வில்லு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷ அறுவடைக்குக் கூலி கொஞ்சம் ஏறியது. குளியலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இரு தரப்பும் தனித்தனியாகச் சொன்னார்கள். வில்லு சாரைத் திரும்ப வேலையில் எடுத்து, கையோடு ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள்.

நாலு மாதம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பஸ் மாறி, புழுதியில் குளித்து அவர் அறை வாசலில் போய் நின்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி இவ்வளவு தூரம்? இந்தப் பக்கம் ஏதாவது வேலையா?"

"ஆமா சார், ஒரு சின்ன வேலை" என்றேன்.

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வந்த வேலை முடிந்துவிட்டது.