மைக்கில் கட்டிய வீடு

விராலிமலைக்கும் ஆவூருக்கும் நடுவே காது கேட்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், மைக்செட்காரர் வீட்டு அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டுக்குள் காலே வைக்காதவர்கள்கூடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒலிபெருக்கி வைத்துக் கட்டிய வீடு அது ஒன்றுதான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் ரேஷன் கடையில்கூட, "மைக்செட்டு வந்திருக்காரு, வழி விடுங்கப்பா" என்பார்கள். மாதா கோயில் தேர், மாரியம்மன் காப்புக்கட்டு, காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மரத்தில் ஏறுவது அவருடைய கூம்புக் குழாய்தான். கூடவே அவர் மனைவி சவரியாயி அக்கா. அவர் ஏணியில் நிற்பார், அக்கா கீழே வயரைப் பிடித்திருப்பார். இப்படிக் காலமெல்லாம் குழாய்க்கு அடியிலேயே இருந்து அக்காவின் காது மங்கிப்போனது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தார் மைக்செட்கார அண்ணன். "உள்ள சில்வண்டு கத்துது" என்று அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார் அக்கா.

நெஞ்சை உலுக்கும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்கள் ஊருக்கு ஊர் வந்ததும் குழாயைச் சீந்துவாரில்லை. அவர் தொழிலை மூடினார். அதுவரை வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர்கள், எங்கள் கடலைக் கொல்லையை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தில் வீடு கட்ட வந்து இறங்கினார்கள்.

முதலில் ஒரு கொத்தனார் வந்தார். அவர் எழுப்பிய சுவரைத் தள்ளி நின்று பார்த்த அக்கா, "கோணலா இருக்கு" என்றார். கொத்தனார் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். அக்கா அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "குண்டும் கோணலாத்தான் தொங்குது" என்றார். மறுநாள் கொத்தனார் வரவில்லை.

"நாமளே கட்டிக்கிருவோம்" என்றார் மைக்செட்காரர்.

"அண்ணே, ஒங்களுக்கு வீடு கட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தம்பி, வெறும் மூங்கிலையும் சீரியல் பல்பையும் வச்சு ரெண்டு பனை ஒசரத்துக்கு மாதாவ நிறுத்துனவன் நான். காத்துல ஆடுச்சு, விழல. செங்கல்லு மட்டும் நிக்காமப் போயிருமா?"

செங்கல் நிற்கத்தான் செய்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அவர் சாரத்தின் மேலிருந்து கத்துவது கீழே கலவை குழைக்கும் அக்காவுக்குக் கேட்கவில்லை. கல் கேட்டால் கலவை வந்தது, கலவை கேட்டால் காபி வந்தது. ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், வேப்பமரத்தில் குழாய் ஏறியிருக்கிறது! அடியில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும். அண்ணன் கழுத்தில் கயிறு கட்டி மைக் தொங்குகிறது.

"அலோ... அலோ... சவரி, கல்லு!"

கல் வந்தது. கூடவே சுற்று வட்டாரத்துக்கு வேறு பல செய்திகளும் போய்ச் சேர்ந்தன. "சவரி, பிரஷர் மாத்திரை போட்டியா? தலைய ஆட்டாத, வாயத் தொறந்து காட்டு." வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள். அடுப்படி ஜன்னலை மேற்கே வைப்பதாக ஒருநாள் அறிவிப்பு வந்தது. அந்த வழியாகப் போன பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் தலையை நீட்டினார். "மேக்க வைக்காதீங்கண்ணே, சாயந்தர வெயில் மூஞ்சியில அடிக்கும்!"

கொஞ்ச நேரம் குழாய் யோசித்தது. "அவரு சொல்றதும் சரிதான் சவரி. கெழக்க மாத்திருவோம்."

வீட்டுக்கு நடுவில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. வெடி வைத்தால்தான் போகும் என்றார்கள் எல்லோரும். அக்கா கேட்கவில்லை. "நமக்கு முந்தியே வந்து படுத்திருக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லி, சுவரை வளைத்துக் கட்டவைத்தார். படுத்திருக்கும் பசுவைச் சுற்றிக் கட்டியதுபோல வந்தது அந்தச் சுவர். வேடிக்கை பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் தினமும் போனேன். மூட்டு வலிக்காரர்கள் இருவர், ஒவ்வொரு கல்லாக எடுத்து வைக்க வைக்க, சுவர் என் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டிப் போனது. அண்ணாந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி நெருங்கியது. மண் சாந்தில் எழுப்பிய சுவர், அடைமழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் கரைந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

வேப்பமரத்தடிக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தார். உறவுக்காரர்கள் வந்து, "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? வந்த வெலைக்கு வித்துட்டு வாங்க" என்றார்கள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்காவிடம்கூடப் பேசவில்லை. குழாய் ஓய்ந்து கிடந்தது. வேலைக்குப் போகிறவர்களெல்லாம் அந்த இடம் வந்ததும் சைக்கிளை மெதுவாக்கினார்கள்.

பிறகு ஒரு காலையில் குழாய் கரகரத்தது. வந்தது அக்காவின் குரல். ஆயுள் முழுக்க மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்தும் அதில் ஒரு வார்த்தை பேசாதவர்.

"அலோ... இது வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. கேக்குறவுக கேட்டுக்கங்க. நான் சவரியாயி பேசுறேன். எங்க வீட்டுக்காரருக்குக் காலு ஒடிஞ்சிருச்சு. வாயி நல்லாத்தான் இருக்கு, பேச மாட்டேங்கிறாரு. நாளைக்கு நான் ஓடு ஏத்தப் போறேன். ஆளு ஒண்ணும் வேணாம். அவரு படுத்துக்கிட்டே அங்கிட்டு இங்கிட்டுன்னு சொன்னாப் போதும். எனக்குக் கேக்குற சத்தம் அது ஒண்ணுதான்."

கொல்லையில் நின்ற நான் களைவெட்டியை வரப்பில் போட்டுவிட்டு ஏணி எடுக்க வீட்டுக்கு நடந்தேன்.

ஆள் வேண்டாம் என்றுதானே சொன்னார்? மறுநாள் விடிந்ததும் ஊரே வந்து நின்றது. நடவுப் பெண்கள், லீவு போட்டுவிட்டு வந்த பஸ் டிரைவர், கோபித்துக்கொண்டு போன கொத்தனார் எல்லோரும் வந்துவிட்டார்கள். யாருக்கும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை, எல்லாம் குழாயில் கேட்டதுதானே. "அந்தக் கூரைக் கைமரம் பாறைக்குத் தெக்கால வரணும்ல?" என்று, அன்றுதான் முதன்முதலாக அங்கே வந்த ஒரு பெண் கொத்தனாரைத் திருத்தினார்.

கைமரமெல்லாம் ஏறியதும் அக்கா கட்டிலருகே போய் மைக்கை அண்ணன் கையில் திணித்தார். பிறகு முதல் ஓட்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, மேலே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். அது நாலு ஊருக்குக் கேட்டிருக்கும்.

"அலோ... சவரி... வலது கைப் பக்கம் வையி."

அக்கா வைத்தார். கீழேயிருந்து கை மாறிக் கை மாறி ஓடுகள் மேலேறின. கொஞ்ச நேரத்தில் அண்ணன் பழைய மைக்செட்காரராகிவிட்டார். "யோவ் டிரைவரு, பஸ்ஸு மாதிரி நின்னு நின்னு போகாத!" பொழுது சாய்வதற்குள் முகட்டு ஓடும் ஏறிவிட்டது.

பால் காய்ச்சிக் குடிபோன பிறகு, ஒருநாள் மழைக்கு அவர்கள் வீட்டில் ஒதுங்கினேன். ஓட்டின் மேல் மழை கொட்டி முழக்கியது. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "ஏங்க, ஓட்டுல மழை எப்படிக் கேக்குது?" என்றார்.

அண்ணன் அக்காவின் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, விரலால் தட்டினார். முதலில் தூறல். அப்புறம் பத்து விரலும் சேர்ந்து அடைமழை. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

வெளியே மழை எப்போதோ விட்டிருந்தது. அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவிடம் மட்டும் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.