மாமாவின் படகுக்கு நான் அடித்த கிரில்

கிரில் என்பது வெளியே இருப்பவனை வெளியிலேயே வைப்பதற்கு. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். கடற்கரையிலிருந்து தள்ளி, சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், வாசல், மாடிப்படி, கடை முகப்பு எல்லாவற்றுக்கும் கம்பி அடித்திருக்கிறேன். நான் அடித்த கிரில்லை உடைத்து ஒரு திருடனும் உள்ளே போனதில்லை. (ஓட்டைப் பிரித்துப் போயிருக்கிறான். அது என் கணக்கில் வராது.)

அந்தக் கெட்டித்தனத்தால்தான் என் மச்சினன் குணா ஒரு நாள் காலை கடலில், தன் சொந்தப் படகுக்கு வெளியே தொங்கினான். அதுவும் அவன் அப்பாவின் சாம்பலைக் கரைக்கப் போன இடத்தில்.

மாமா, அதாவது என் மாமனார், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வேலை செய்த காலம் முழுக்கக் கப்பலில் வந்த மூட்டைகளை எழுதினார். ஒரு கப்பலிலும் ஏறிச் சும்மா உட்கார்ந்ததில்லை. அவர் ஓய்வு பெற்று வெகு காலம் கழித்து, தன் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அப்பாவுக்காகக் குணா பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினான். சின்னது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் மூச்சை அடக்கினால் உட்காரலாம். பின்னால் ஒரு சிறு மோட்டார். பத்து மாவுங் என்ற கடலோர ஊரில் கட்டி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் போவார்கள். மாமா பின்பக்க ஓரத்தில்தான் உட்காருவார். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிறு பெரிய அலை வந்தது. மாமா தண்ணீரில் விழுந்தார். குணா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேலே போட்டான்.

அன்று சாயங்காலம் என் மனைவி தேவி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கிரில் அடிக்கிறீங்க. எங்கப்பா பிடிச்சிக்க ஒரு கம்பி அடிக்க மாட்டீங்களா?"

மாமாவுக்கு என்மேல் பெரிய மதிப்பு இல்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். அதற்குப் பிறகு பேச அவருக்கு ஒன்றும் இருக்காது. எனக்கும் இருக்காது. அதனால் இந்த வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் கெட்டது.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களின் படகுகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பின்கம்பி இருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. இரண்டே குழாய். நடுவில், தண்ணீரில் இறங்கும் ஏணிக்கு நேராக, வழி திறந்து கிடந்தது. (இதுக்குப் பேரு கம்பியா? ஆடு மாடு வந்து போவும்.) வெள்ளைக்காரனுக்குக் கிரில் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காத நல்ல ஸ்டெயின்லெஸ் குழாய் வாங்கினேன். நெஞ்சு உயரம். பின்பக்கத்தைச் சுற்றி வந்து, இரண்டு பக்கமும் படகின் பாதி வரை. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கை மட்டும் நுழையும். மேலே வரிசையாக ஈட்டி முனை. ஏணிக்கு நேராக ஒரு கதவு. கதவுக்குப் பூட்டு.

பூட்டு யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு படகிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று குணா ஒரு முறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். எனக்கு அது போதும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டாகப் போட்டேன். கம்பிக்குள் கையை விட்டுத் திறந்துவிடக் கூடாதல்லவா? அதனால் உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். (மோட்டார் கிரில்லுக்கு வெளியேதான் இருந்தது. அது அப்போது தோன்றவில்லை.)

கம்பி பட்டறையில் இருக்கும்போதே மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சர்க்கரை முற்றிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் போனில் கம்பியின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கெட்டியா இருக்குமா, மாப்பிள்ளை?"

"யானையைக் கட்டலாம், மாமா."

"சரி. நான் போனா சாம்பலக் கரைக்க வாடகை போட்டுல கொண்டு போவாதீங்க. அவனுங்க அடுத்த ஆளு காத்திருக்குன்னு அவசரப்படுத்துவானுங்க. நம்ம போட்டு போதும். அவசரம் இல்லாம விடுங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். சரி மாமா என்றேன்.

எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் தனியாகப் போய் மாட்டினேன். தளத்தைத் துளைத்து, அடியில் தகடு கொடுத்து, போல்ட் போட்டு முறுக்கினேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கம்பி ஆடவில்லை. படகுதான் ஆடியது.

மாமா அதைப் பிடித்து ஒரு தரமும் உட்காரவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

சாம்பல் கரைக்கிற அன்று காலை படகு ஏறும் ஜெட்டியில் நான், தேவி, குணா, சடங்கு செய்ய வந்த பண்டாரம். குணா மொட்டை அடித்து, வெள்ளை வேட்டியில் இருந்தான். கையில் அப்பாவின் சாம்பல் சட்டி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியது. அழுது கண் வீங்கியிருந்தது. அந்தக் கண்ணால் படகைப் பார்த்தான். கிரில்லை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அத்தான்."

"ம்."

"இது போட்டா, அடகுக்கடையா?"

தேவி நடுவில் வந்தாள். "சண்டை வேணாம்டா. அப்பா கையில இருக்காரு."

பண்டாரம் படகில் ஏறவில்லை. "எனக்குத் தண்ணி ஆவாது லா" என்றார். சடங்கைக் கரையிலேயே முடித்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லி அனுப்பினார்.

"மகன் தண்ணியில எறங்கணும். முதுகைக் காட்டிக்கிட்டு, சட்டியைத் தோளுக்குப் பின்னால விடணும். விட்ட பிறகு யாரும் பாக்கக் கூடாது. பாத்தா அவருக்குப் போவ மனசு வராது."

போனோம். கடல்மேல் போகும் இரண்டாம் பாலம் தூரத்தில் தெரிகிற இடத்தில் குணா மோட்டாரை நிறுத்தினான். நான் கொடுத்த சாவியால் கதவைத் திறந்து, அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டான். ஏணியில் இறங்கி நெஞ்சு வரை தண்ணீரில் நின்றான். முகம் எங்கள் பக்கம், முதுகு கடல் பக்கம். தேவி சட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

என் வேலை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அது ஒன்றுதான் என் வேலை. குணா சட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். நான் கதவை விட்டுவிட்டுக் கை கூப்பினேன். மாமாவுக்குத்தான்.

எங்கோ போன கப்பலின் அலை அப்போது வந்து சேர்ந்தது. கதவு போய்ச் சாத்திக்கொண்டது. 'டக்'கென்று ஒரு சத்தம். நல்ல பூட்டு.

"போயிட்டு வாங்கப்பா" என்று குணா சட்டியைப் பின்னால் விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தான். கதவைத் தள்ளினான். இழுத்தான்.

"அத்தான், தொறங்க."

"சாவி உன்கிட்ட."

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஈர வேட்டிக்குள் தேடி எடுத்து, கம்பி வழியாக நீட்டினான். வாங்கினேன். அவன் கை ஈரம், சாவியும் ஈரம். சாவி ஏணியில் ஒரு தடவை பட்டது. பிறகு கடலில்.

குணா தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வேற சாவி?"

"பட்டறையில."

"பட்டறை எங்க இருக்கு, அத்தான்?"

(தெரியும். தெரிந்துதான் கேட்டான்.)

"சிம்பாங் அம்பாட்."

ஏறிக் குதிக்கப் பார்த்தான். ஈட்டி முனை வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பாதி வேட்டி மேலே கொடி மாதிரி பறந்தது. மீதியோடு அவன் ஏணிக்கு இறங்கினான். பிறகு கதவை உதைத்தான். நானும் உள்ளேயிருந்து உதைத்தேன். வெல்டிங் ஒரு இடத்திலும் விடவில்லை. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"மோட்டாரப் போட்டு இப்படியே கரைக்குப் போயிடலாம்" என்றாள் தேவி.

"என் காலுக்குப் பக்கத்துலதாங்க்கா அதோட விசிறி. மொட்டை தலைக்கு மட்டும் போதும்."

மிச்சம் இருந்தது பாய். எங்கள் மூவரில் பாய் ஓட்டத் தெரிந்தவன் வெளியே இருந்தான். கம்பிக்குள் கையை விட்டுச் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு எனக்கு உத்தரவு போட்டான். "அந்தக் கயித்த இழுங்க. அது இல்ல. அதுவும் இல்ல. அத்தான், அது துணி காயப் போடுற கயிறு!" பாய் ஏறியது. படகு கரைக்குப் போகவில்லை. அதே இடத்தில் வட்டம் போட்டது.

அப்போதுதான் தேவி மெதுவாகச் சொன்னாள்.

"குணா, திரும்பாதே."

"ஏன்?"

"அப்பா பின்னாலயே வராரு."

சட்டி மூழ்கவில்லை. துணியை இறுக்கிக் கட்டியதில் உள்ளே தண்ணீர் போகவில்லை போலும். மிதந்தது. படகு சுற்ற, நீரோட்டம் தள்ள, சட்டி பக்கவாட்டில் வந்து குணாவின் கண்ணுக்கு நேராக நின்றது.

"முன்னால வந்துட்டாருக்கா! நான் எங்கதான் பாக்குறது?"

"கண்ண மூடிக்க."

மூடினான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னிடம் கேட்டது ஒன்றுதான். அவசரம் இல்லாமல் போக வேண்டும் என்று கேட்டார். அவசரம் இல்லைதான். ஆனால் மகனை வெளியே தொங்கவிட்டு, சாம்பலை அலைய விட்டு, இப்படி இல்லை. இது திரும்பச் செய்கிற வேலை இல்லை. கோணலாக வந்தால் அறுத்து மறுபடி ஒட்டுகிற வேலை இல்லை.

தேவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா போனதிலிருந்து அவள் அழவில்லை. சமையல், சாமான், வந்தவர்களுக்குக் காப்பி என்று ஓடிக்கொண்டே இருந்தாள். இப்போது அழுகிறாள் என்று பார்த்தேன். சிரித்தாள். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "நீ ஏறாம அவரு போவமாட்டாருடா" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பிறகு இரண்டும் கலந்து வந்தது.

ஒரு மலாய் மீனவர் சின்னச் சம்பான் படகில் நெருங்கி வந்தார். வயசானவர். எங்களைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார்.

"அபா இனி, பாங்? பெஞ்சாரா?"

இது என்ன, ஜெயிலா என்று கேட்டார். அப்புறம் மொட்டைத் தலையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். புரிந்துபோய்த் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மோட்டாரைத் தணித்து, குணாவைக் கைபிடித்துச் சம்பானில் ஏற்றினார். பிறகு எங்கள் படகின் முன்பக்கத்தைக் காட்டி, அங்கே வேலி ஒன்றும் இல்லையே, அந்த வழியாக ஏறலாமே என்று மலாயில் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். முன்பக்கம் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. எந்த வீட்டுக்கும் நான் பின்வாசலை அடைத்துவிட்டு முன்வாசலை விட்டதில்லை. குணா சம்பானிலிருந்து ஒரே எட்டில் முன்பக்கமாக ஏறி, தளத்தில் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈர வேட்டியைப் பிழிந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சம்பான் விலகிப் போன அலையில் சட்டி ஒருக்களித்தது. துணி நனைந்து தொங்கியது. ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு தண்ணீர் மட்டும்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஜெட்டியில் பண்டாரம் காத்திருந்தார்.

"யாரும் பாக்கலையே?"

"இல்ல" என்றோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில். குணாவின் அரை வேட்டியை அவர் பார்த்தார். கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தோடு நான் சேர்ந்து சொன்ன முதல் பொய் அது. அதற்கு முன்னால் நான் அவர்களோடு சேர்ந்து எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கருமாதி முடிந்ததும் கம்பி அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். ஈட்டி முனைகளை அறுத்தேன். கதவை எடுத்தேன். உயரத்தை இடுப்பு வரை குறைத்தேன். வெள்ளைக்காரன் படகுகளுக்கு இருப்பது மாதிரியே இரண்டு குழாய், நடுவில் வழி. தேவி ஓரத்தில், மாமா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துப் பார்த்தாள்.

"இத பிடிச்சிருந்தா அப்பா விழுந்திருக்க மாட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வருஷா வருஷம் திதிக்குச் சாப்பாடு முடிந்ததும் குணா இதைச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அலை பெரிசாகிறது, வேட்டி சின்னதாகிறது. அந்த வீட்டில் இன்றுவரை யாரும் எனக்குச் சாவியைக் கையில் கொடுப்பதில்லை. மேஜையில் வைப்பார்கள். நான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, எதுவானாலும் அப்படித்தான்.

எங்கள் மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நிபோங் திபால் ஊர்ப் பையன். மரியாதை தெரிந்தவர். முதல் விருந்துக்கு வந்தபோது, காரை நகர்த்தி வைக்கச் சொல்லிச் சாவியை என் கையில் நீட்டினார்.

அடுப்படியிலிருந்து தேவி, கூடத்திலிருந்து குணா, மாடியிலிருந்து என் மகள், மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

பையன் பயந்துபோய்ச் சாவியை மேஜையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.