வென்றவர் வெளியேறவும்

"எத்தனை கிலோ?"

"எண்பத்தாறு சார்."

"வாழ்த்துகள்மா."

அந்தப் பேச்சு அவளுக்கு இன்றும் ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் அவள். அந்த எண்பத்தாறு கிலோவுக்காக டாக்டர் அவளைத் திட்டியிருக்கிறார். நாத்தனார் கேலி செய்திருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் விரித்து அவளைக் கைவிட்டிருக்கிறது. வாழ்த்தியவர் என்று அதுவரை ஒருவரும் இல்லை.

மனிதர்களைப் படிப்பால் அளந்த ஆட்சிகள் உண்டு. நிலபுலத்தால் அளந்தவையும் உண்டு. கொழுப்பால் அளந்து, கூடுதலாக வைத்திருப்பவரை எழுந்து நின்று வரவேற்ற முதல் நிர்வாகம் என்ற பெருமை அவர்களுடைய நகராட்சிக்கே உரியது. திட்டத்தின் பெயர் 'மெலிவோம், வெல்வோம்'. எடை குறைக்க விரும்பும் குடிமக்களுக்குப் பொதுப்பணத்தில் இலவச உடற்பயிற்சிக்கூடம். வாசலில் ஓர் எடை மெஷின், அதன் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் ஒருங்கிணைப்பாளர். நல்ல இளைஞர். விதிமுறைப் புத்தகத்தைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்து வைத்திருப்பார்.

"அடுத்து, சார் ஏறுங்க."

அவள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க உட்கார்ந்தபடியே லென்ஸ் தேய்க்கிற வேலை. இரண்டு பேரையும் சேர்த்தே உடற்பயிற்சி செய்யச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். மெஷின் எண்பத்திரண்டு என்றது. ஒருங்கிணைப்பாளரின் முகம் வாடியது.

"மன்னிக்கணும் சார். உங்க உயரத்துக்கு எண்பத்தஞ்சு இருக்கணும்."

"இருந்தா?"

"நீங்க ஆபத்துல இருக்கீங்கன்னு அர்த்தம். உடனே சேத்துக்குவோம்."

"இப்ப?"

"இப்ப ஆபத்தை நெருங்கிட்டிருக்கீங்க. அதுக்கு நிதி ஒதுக்கல."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

ஒருங்கிணைப்பாளர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மூணு கிலோதானே சார். மனசு வச்சா முடியும்."

இப்படியாக அந்தக் குடும்பத்தில் ஒருவர் இளைக்கவும் இன்னொருவர் பெருக்கவும் ஒரே நாளில், ஒரே திட்டத்தின்கீழ் ஊக்கம் பெற்றார்கள்.

கூடத்தின் உள்ளழகைச் சொல்லி மாளாது. இருபது டிரெட்மில்கள். அவற்றில் ஒன்பது உறை போட்டு மூடப்பட்டிருந்தன. பழுதொன்றும் இல்லை. 'தகுதியான பயனாளிகள்' போதவில்லை, அவ்வளவுதான். ஆண்டறிக்கையில் அது 'உபகரணங்கள் தேய்மானமின்றிப் பராமரிக்கப்படுகின்றன' என்று பெருமையோடு இடம்பெற்றிருந்தது. உள்ளே வருகிறவர்களுக்கு நீலநிற டிராக் பேண்ட் இலவசம். எல்லாருக்கும் ஒரே அளவு. பருமனில் சமத்துவம் கண்ட திட்டம் அது.

சுவரில் மூன்று பலகைகள் தொங்கின: வென்றவர், தோற்றவர், முயல்பவர். பத்து வாரத்தில் நாலு கிலோவுக்கு மேல் குறைத்தவர் வென்றவர். அவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும் தந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். குணமானவருக்கு மருந்து எதற்கு? ஒரு கிலோகூடக் குறைக்காதவர் தோற்றவர். அவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒத்துழைக்காதவருக்கு மருந்து எதற்கு? இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர் முயல்பவர். அவருக்கு மட்டும் இன்னொரு பருவம், அதாவது இன்னொரு பத்து வாரம் உண்டு.

இந்தத் தத்துவத்தை அவளுக்கு விளக்கியவள் பக்கத்து மெஷினில் நடந்துகொண்டிருந்த தையல்காரி. திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் தைத்துக் கொடுப்பவள்.

"அக்கா, இங்க ஜெயிச்சாலும் வாசல் அந்தப் பக்கம்தான், தோத்தாலும் அந்தப் பக்கம்தான். நடுவுல நின்னுக்கணும்."

"ஜெயிச்சவங்க வெளிய போய் என்ன பண்றாங்க?"

"உக்காருறாங்க. ஆறு மாசத்துல பத்து கிலோ ஏத்திட்டுத் திரும்ப வந்து வாழ்த்து வாங்கிக்கிறாங்க."

உண்மைதான். அப்படித் திரும்பி வந்தவர்களை அறிக்கை 'மக்களிடையே தொடர் வரவேற்பு' என்று குறிப்பிட்டிருந்தது.

அவளுக்கு வெளியே போக மனமில்லை. சேர்ந்த நாலாவது வாரம், மேசை விளிம்பைப் பிடிக்காமல் கவுண்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். எழுந்தபிறகுதான் அவளுக்கே உறைத்தது. வரிசையில் நின்றவர் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்க, அவள் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தாள். தார்ச்சாலையில் நாலடி வைத்தால் முட்டி கத்தும். டிரெட்மில்லின் ரப்பர்ப் பட்டையில் மட்டும் அது வாயைத் திறக்காது. அந்த ஒரு மணி நேரம் போனால் முட்டியும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது பருவத்தில் அவள் தன்னையும் அறியாமல் ஐந்து கிலோ குறைந்தபோது தையல்காரிதான் காப்பாற்றினாள். திரைச்சீலை காற்றில் பறக்காமல் இருக்க அடிமடிப்பில் வைத்துத் தைக்கிற ஈயத்துண்டுகள் அவளிடம் நிறைய இருந்தன. அக்காவின் டிராக் பேண்ட்டில், இடுப்புப் பட்டிக்குள் வரிசையாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மெஷின் மூன்று கிலோதான் குறைந்திருப்பதாகச் சொன்னது.

"தொடர்ந்து முயலுங்கம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"கண்டிப்பா சார்" என்றாள் அவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அதிலிருந்து தையல்காரி அவளையும் தன்னையும் 'முயல் கூட்டம்' என்றே அழைத்தாள். மூன்றாவது பருவத்துக்குள் ஈயம் இன்னும் கூடியது. கூடத்தைச் சுற்றியிருந்த கம்பிவேலியின் இந்தப் பக்கம் நிலைமை இப்படி.

அந்தப் பக்கம் கணவர். கடை பூட்டி அவர் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். அவர் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் கவுண்டரில் இருப்பாள். அவர்கள் கல்யாணம் பல வருஷமாகப் பாத்திரத்தை மூடிவைப்பதிலும் திறப்பதிலும்தான் நடந்துகொண்டிருந்தது. கூடம் வந்த பிறகு அவர் அதிகாலையில் எழுந்து ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டார். ஆறு மணி முதல் ஏழு மணிவரை வேலிக்கு வெளியே காத்திருந்தார். சும்மா நிற்க முடியாமல் வேலியோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே அவள் நடந்தாள். அவர் இந்த முனைக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆன தம்பதி வெட்கப்பட்டதற்காகத் திட்டத்தில் தனிப் பலகை எதுவும் இல்லை.

அந்த நடையில்தான் சிக்கலே இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஏற்றுவதையெல்லாம் அவர் வேலியோரத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். அரசு செலவின்றி, அரசுக்குத் தெரியாமல், தினம் ஒரு மணி நேரம் முறையாக உடற்பயிற்சி செய்த ஒரே குடிமகன் அவர்தான். அதனாலேயே அவருக்குத் தகுதி வரவில்லை.

"இன்னொரு துண்டு ரொட்டி வை" என்பார் ஞாயிற்றுக்கிழமைகளில். "வெண்ணெய் தடவி."

"போதும்ங்க. மாடி ஏறும்போது மூச்சு வாங்குது உங்களுக்கு."

"ருசிக்கா சாப்பிடறேன்? உனக்காகத்தான் சாப்பிடறேன்."

"எனக்காக என் தட்டுல இருக்கறதையும் சேத்துச் சாப்பிடறீங்க."

"உன்கிட்ட குறையறது என்கிட்ட ஏறுது. வெளியாளுக்கா போகுது?"

அவள் சிரித்தாள். ஆனால் அவர் மாடிப்படியில் நடுவில் நின்று, சாவியைத் தேடுவதுபோலப் பாவனை செய்து மூச்சு வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

"நான் அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேங்க. உங்களை இப்படியே உள்ள விடச் சொல்லி."

"கெஞ்சாதே. நான் தகுதியோட வரேன்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடை பார்க்கும்போது அந்த ஒரு வார்த்தை அவள் உதடுவரை வரும். படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று ஏற்கெனவே அச்சடித்திருப்பார்கள். தன் இடுப்பிலும் ஈயம் இருக்கும். வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

மழைக்காலம் வந்தது. வேலியோரம் சேறாகி, கணவர் ஸ்கூட்டரோடு ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார். நடை நின்றது. ஆறே வாரத்தில் அவர் மருந்துக்கடை மெஷினில் எண்பத்தைந்தைத் தொட்டார்.

"வந்துட்டேன்" என்றார், எடைச் சீட்டைத் தேர்வு முடிவுபோல நீட்டி. "இனி வேலி இல்ல. பக்கத்துப் பக்கத்து மெஷின்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்றாவது பருவத்தின் கடைசி எடை. உடை மாற்றும் அறைக் கொக்கியிலிருந்து நீலப் பேண்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டபோது உடம்பு காற்றாக இருந்தது. அதை அவள் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

மெஷினில் ஏறினாள். ஒருங்கிணைப்பாளர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஆறு கிலோ" என்றார். "திட்ட வரலாற்றுலயே ஒரு பருவத்துல இவ்வளவு யாரும் குறைக்கல. நீங்க வென்றவர்மா."

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. பட்டி மெத்தென்று இருந்தது. அவளுக்குப் பின்னால் மெஷினில் ஏறிய தையல்காரி, அதுவரை ஈயமே தேவைப்படாமல் நேர்மையாகத் தடுமாறிக்கொண்டிருந்தவள், போன பருவத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தாள். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நீலம், பக்கத்துப் பக்கத்துக் கொக்கி.

"அக்கா," என்றாள் தையல்காரி மெதுவாக, "என் இடுப்புல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்போதே எனக்குத் தோணியிருக்கணும்."

தையல்காரியின் பெயரைத் தோற்றவர் பலகையில் ஏற்றினார்கள். முயல் கூட்டம் ஒரே காலையில் கலைந்தது.

திங்கட்கிழமை விழா. நகராட்சித் தலைவர் வந்திருந்தார். ஒருங்கிணைப்பாளர் ஒரு புதுமையைச் சிந்தித்து வைத்திருந்தார்: வெளியேறும் வெற்றியாளர் தன் அலமாரிச் சாவியைப் புதிதாகச் சேரும் பயனாளியிடம் மேடையில் ஒப்படைப்பார். 'சுடரேற்றம்' என்று அதற்குப் பெயர்.

"புதிய பயனாளி மேடைக்கு வரவும். எண்பத்தைந்து கிலோ. வாழ்த்துகள் சார்."

கணவர் படியேறி வந்தார். மூன்று படிதான். மூன்றாவதில் நின்று சட்டைப் பையில் எதையோ தேடினார். பையில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கைதட்டினார்கள். அவள் உள்ளங்கையில் சாவி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் நாளையிலிருந்து அவர் உள்ளே நடப்பார். அவள் வெளியே, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருப்பாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிங்க" என்றார் புகைப்படக்காரர். "தெரிஞ்சவங்க மாதிரி."

"முயற்சி பண்றோம்" என்றார் கணவர்.

ஒருங்கிணைப்பாளர் மைக்கை அவள் கையில் கொடுத்து, தட்டச்சடித்த ஏற்புரையையும் நீட்டினார். அவள் படித்தாள்.

"என்னை மெலிய வைத்த நகராட்சிக்கு நன்றி. இத்திட்டத்தால் நான் முழுமையாக..."

காகிதத்தை மடித்தாள். சாவியைக் கொடுக்கவில்லை.

"தம்பி, இதுல எழுதாத ஒண்ணு சொல்லணும். போன பருவத்துல நான் இடுப்புல ஈயம் வச்சுட்டுத்தான் எடை பாத்தேன். திரைச்சீலையில வைக்கிற ஈயம். தச்சுக் குடுத்தவளை நீங்க தோத்தவன்னு எழுதிட்டீங்க. அவ தோக்கல, என் ஈயத்தைச் சுமந்தா."

தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஈயம் பற்றி அதில் எதுவும் இல்லை.

"ஏன்மா அப்படிப் பண்ணீங்க?" என்றார் தலைவர்.

"நல்லாயிட்டா வெளிய அனுப்பிடுவீங்கன்னுதான் சார். இதோ இவர் என் வீட்டுக்காரர். உள்ள வரணும்னு ஏழு மாசமா சாப்பிட்டே உடம்பைக் கெடுத்துக்கிட்டார். வெளிய நின்ன வரைக்கும் தினம் ஒரு மணி நேரம் நடந்தார், அப்ப இவ்வளவு மோசமா இல்ல. இன்னைக்கு மூணு படி ஏற முடியல, நீங்க வாழ்த்துறீங்க."

"ஏய், விடு" என்றார் கணவர் முணுமுணுப்பாக. "கெஞ்ச வேணாம்னு சொன்னேன்ல."

"கெஞ்சலங்க. கேக்கறேன்."

மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுவந்தாள். டிக்கெட் கவுண்டரில் சத்தத்துக்கு நடுவே ஊர்ப் பெயரைச் சொல்கிற குரல் அது. கடைசி வரிசைவரை போகும்.

"உள்ள ஒன்பது மெஷின் உறை போட்டுக் கிடக்கு சார். உடம்பைக் குறைக்கச் சொன்னீங்க, குறைச்சோம். நீங்க ஆளைக் குறைச்சுட்டே இருக்கீங்க. அந்த உறையைப் பிரிச்சுட்டு எங்க எல்லாரையும் உள்ள விடுங்க."