காணாமல் போன சுவர்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்காவும் சுகம். நாம் சேர்ந்து வாங்கிய கட்டடமும் சுகம்தான். அதைத்தான் இஞ்ஜினீயர் நம்ப மாட்டேன் என்கிறார்.

பழைய கடைக் கட்டடங்களையெல்லாம் பூகம்பம் தாங்கும்படி பலப்படுத்த வேண்டும் என்று நகராட்சி நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே இந்த இஞ்ஜினீயர் சுத்தியலும் டார்ச்சுமாக நம் பர்னிச்சர் கடைக்கு வந்து சேர்ந்தார். முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டம் அடிக்க வேண்டுமாம், மூன்று மாதம் கடையைப் பூட்ட வேண்டுமாம். மூன்று மாதம் பூட்டினால் நம் வாடிக்கையாளர்கள் எல்லாம் எதிர்க் கடைக்காரனுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்களா? அதோடு விட்டாரா, பழைய வரைபடத்தை விரித்து, "நடுவுல ஒரு சுவர் இருக்கணுமே, எங்க?" என்றார். வரைந்தவன் தூக்கக் கலக்கத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருப்பான் என்றேன். கேட்காமல் மாடியில் அக்காவின் தையல் வகுப்பு வரை போய்த் தேடினார். சுவர் என்ன குண்டூசியா, கீழே விழுந்து கிடக்க? அங்கே தரை சரிந்திருக்கிறதாம், நூல்கண்டை வைத்தால் உருள்கிறதாம். பதினாறு மெஷின் ஒன்றாக ஓடினால் உருளாமல் என்ன செய்யும்? கீழே வந்தவர் கடை நடுவில் நிற்கிற பச்சை பீரோவை நகர்த்தச் சொன்னாரே பார்க்கலாம், எனக்கு வந்தது கோபம். "அத மட்டும் தொடாதீங்க சார், அது விக்கிறதுக்கு இல்ல" என்று கத்திவிட்டேன். கூட வந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போன வாரம்கூட ஒருத்தர் அதே பீரோதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார், நான் கொடுக்கவில்லையே.

ஆகையால் பங்குதாரர் என்ற முறையில், 'சம்மதமில்லை' என்று நாலு வரி எழுதி அனுப்பவும். பேரன் பேத்தி காலம்வரை இந்தக் கட்டடம் அசையாது.

நீங்கள் நூறாண்டு நலமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
அன்பு மைத்துனன்

பி.கு.: தபால்தலை எடுக்கப் போனால் பச்சை பீரோவின் கதவு திறக்கவில்லை. மேல்தட்டு நசுங்கி இறுகிப்போயிருக்கிறது. மேலே பதினாறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பயந்துபோனேன், அத்தான். சுவர் இருந்தது. வாங்கின வருஷம், அக்காவும் உங்களோடு அந்த ஊரில் இருந்தபோது, பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையைப் பார்வைக்கு வைக்க நான்தான் இடித்தேன். உத்தரம் ஒரு விரல் இறங்கியதும் பீரோவை அதற்கு முட்டாகக் கொடுத்தேன். மேஜை இன்னும் விற்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன், வகுப்பை இன்றைக்கே எதிர்க் கடை மாடிக்கு மாற்றியாச்சு. மேலே எழுதியதை அடித்துவிட்டு, சம்மதக் கையெழுத்தை உடனே அனுப்பவும். அக்கா தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் என்னைப் பற்றி இருப்பதெல்லாம் உண்மை.