கணவர் நிலை: மாற்றமில்லை

1943-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஊரில், துணி ரேஷன் கூப்பன் அலுவலகம் மகா யுத்தத்தை மிகுந்த பொறுப்போடு நடத்திக்கொண்டிருந்தது. ஜப்பான்காரனோடு மல்லுக்கட்டுவது ராணுவத்தின் வேலை. கல்யாணமான பெண்களோடு மல்லுக்கட்டுவது அலுவலகத்தின் வேலை. மோதிரம் ஏறிய கை அரசாங்க டைப்ரைட்டரைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

தெல்மா இரண்டு வருஷமாக அந்த மோதிரத்தைக் கயிற்றில் கோத்து, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, 'மிஸ்' என்ற பட்டத்தோடு டைப் அடித்து வந்தாள். புருஷன் கிளாரி நியூகினிக் காட்டில் சண்டையில் இருந்தான். வேலை போனால் வாடகை வீடும் போகும். திரும்பி வருகிறவனுக்கு நுழைய ஒரு வாசல் வேண்டாமா? அதற்காகத்தான் இத்தனை பொய்யும்.

ஒருநாள் பாழாய்ப்போன கயிறு அறுந்து, மோதிரம் டைப்ரைட்டருக்குள் விழுந்து, எழுத்தெல்லாம் சிக்கி நின்றது. தலைமை அதிகாரி டிப்பிட்ஸ் இடுக்கியால் அதை வெளியே எடுத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது சார்."

"அப்போ இத்தனை நாள் இங்க வேலை பார்த்தது யாரு?"

"நான்தான் சார்."

"அதெப்படி? நீதான் கல்யாணமானவளாச்சே!"

மத்தியானமே சீட்டுக் கிழிந்தது. ஆனால் ஊரில் டைப் தெரிந்த வேறு ஆள் இல்லை. மூன்று நாள் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்த டிப்பிட்ஸ், நான்காம் நாள் பதினான்காவது விதியைக் கண்டுபிடித்தார். யுத்த காலத்தில் கல்யாணமான பெண்ணை வாரக்கணக்கில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். விதவையென்றால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆகவே திங்கட்கிழமைதோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

"கணவர் நிலை?"

"உயிரோட இருக்கார் சார்."

"நிச்சயமாவா?"

"போன வாரம் கடுதாசி வந்துச்சு சார்."

"அது போன வார நிலவரம்தானே," என்றார் டிப்பிட்ஸ் ஆறுதலாக. "மனசைத் தளர விடாதேம்மா."

மனுஷர் கெட்டவர் இல்லை. அவளுக்கு நிரந்தர உத்தரவைத் தயாரித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். பக்கத்து நாற்காலி ஈனிடுக்கும் தங்கமான மனசு. தினமும் பேப்பரைப் புரட்டிவிட்டு உச்சுக்கொட்டுவாள்.

"உன் வீட்டுக்காரர் இருக்கிற பக்கம் இன்னிக்கும் ஒண்ணும் நடக்கலையாம்டி."

ஏழு மாதம் இப்படி ஓடியது. பிறகு மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: தற்காலிக ஊழியர் அனைவரும் வெள்ளிக்கிழமையோடு நிற்க வேண்டும். தெல்மா வாடகை வீட்டைக் காலி செய்வதாக அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை ராணுவத் தந்தி ஒன்று அவள் பேருக்கு அலுவலகத்துக்கே வந்தது. டிப்பிட்ஸ் எழுந்து நின்று பேனா மூடியைக் கழற்றினார். ஈனிட் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். தெல்மா பிரித்துப் படித்தாள்.

"கால்ல அடியாம். குணமாயிடுச்சாம். சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாராம்."

ஈனிட் கைக்குட்டையை மடித்து வைத்தாள். டிப்பிட்ஸ் பேனாவை மூடினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எவ்வளவோ பாடுபட்டோம்," என்றார். கடைசிப் படிவத்தை அவரே வாசகம் சொல்ல, தெல்மா ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தாள்: 'கணவர் நிலை: துரதிர்ஷ்டவசமாக மாற்றமில்லை.'

தாளை உருவி அவரிடம் நீட்டினாள்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள். என்ன சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.