மருந்து வண்டியும் பதினோரு வேட்டியும்

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று மாமனார் வீட்டில் நம்புவார்கள். நம்பாவிட்டாலும் நம்புகிற மாதிரி நடந்துகொள்வார்கள். இதில் ஒரே ஆபத்து, நாளடைவில் மாப்பிள்ளையே அதை நம்ப ஆரம்பித்துவிடுவான். மற்றவர்களுக்கு இதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். நான் ஆறே மாதத்தில் நம்பிவிட்டேன். (எனக்கு எதிலும் கொஞ்சம் வேகம் அதிகம்.)

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். பீங்கான் யூனிட் ஒன்றில் கிளேஸ் பிரிவில் வேலை. கரண்டுக் கம்பத்தில் பீங்கான் இன்சுலேட்டர் பளபளவென்று இருக்கிறதே, அந்தப் பளபளப்புக்கான பூச்சை ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கிற ஆள் நான். மாமனாருக்கு மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், உளுந்தும் போடுவார். விவசாயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்தால் நன்றாக இருக்கும் என்பதுதான்.

மாமனார் இருபத்தைந்து வருடமாக முதுகில் டேங்க் மாட்டி மருந்தடித்தவர். எங்கள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவர் முதுகு மடங்கிவிட்டது. "இனிமே நீங்க டேங்கத் தூக்குனா, அப்புறம் உங்கள நாலு பேரு தூக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு மருந்தடிக்க ஆளும் கிடைக்கவில்லை. மருந்தடிக்காமல் விட்ட அந்தப் போகத்தில் பாதி மல்லாட்டையைப் புழு தின்றுவிட்டது.

அதனால் மாமனாரும் அவருடைய பங்காளிகள் பத்துப் பேரும் சேர்ந்து, ஆள் உட்கார்ந்து ஓட்டி மருந்தடிக்கிற வண்டி ஒன்றைப் பொதுவில் வாங்குவதாக முடிவாயிற்று. யோசனை மாமனாருடையது. பங்காளிகளைச் சம்மதிக்க வைக்கவே அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. "இது மட்டும் சரியா வரலன்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுட வேண்டியதுதான்" என்று அவர் மாமியாரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

இரண்டு கம்பெனிகள் போட்டியில் இருந்தன. எதை வாங்குவது என்று பேச்சு வந்தபோது பெரிய மாமா, அதாவது மாமனாரின் அண்ணன், என்னைக் கை காட்டினார்.

"நம்ம மாப்ள ஸ்பிரே அடிக்கிற வேலதான பாக்குறாரு? அவுரே சொல்லட்டும்."

இன்சுலேட்டர் வேறு, மல்லாட்டை வேறு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு, "பாத்துக்கலாம் மாமா" என்றேன்.

ஒரு வாரம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். முதல் கம்பெனியின் வண்டி சிவப்பு. ஆள் உயரச் சக்கரம், பெரிய டேங்க், முன்பக்கம் மருந்து பீய்ச்சும் நாசில்கள் வரிசையாகப் பொருத்திய இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு கல்யாணப் பந்தல் அகலம். மற்றது பச்சை. ஒல்லிச் சக்கரம், சின்ன டேங்க், பார்க்க ஒரு பரிதாபம். விருந்துச் சாப்பாட்டில் ரசம் வருவதற்குள் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "சிவப்புதான் மாமா. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்." மாமனார் பெருமையோடு எனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார்.

ஆனாலும் வண்டியை நிலத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். என் மச்சான் மகளின் காதுகுத்து அன்றைக்குப் பதினோரு பேரும் ஓரிடத்தில் இருப்பார்கள் என்பதால், சாப்பாடு முடிந்ததும் இரண்டு வண்டியையும் கொண்டுவரச் சொன்னோம். அத்தனை பேரும் புது வேட்டி, புதுச் சட்டை. நானும் மாமனார் எடுத்துக் கொடுத்த எட்டு முழ வேட்டியில் இருந்தேன்.

சும்மா தண்ணீர் ஊற்றி அடித்துக் காட்டுவதாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நான் விடுவேனா? எங்கள் யூனிட்டில் இரண்டு விதப் பூச்சு, இரண்டும் பார்க்க வெள்ளை. மாறிப்போகாமல் இருக்க ஒன்றில் நீலக் கலர் பவுடர் கொஞ்சம் கலப்போம். சூளையில் வெந்ததும் அந்த நீலம் எரிந்து காணாமல் போய்விடும். அந்தப் பவுடரில் ஒரு பாக்கெட்டை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தண்ணீர் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். (யோசனையில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.) ஒரு சிட்டிகை போதும். நான் முழுப் பாக்கெட்டையும் கொட்டினேன்.

"கலர் எதுக்கு சார்?" என்றார் சிவப்பு வண்டிக்காரர்.

"மாப்ள சொன்னா காரணம் இருக்கும், ஊத்துங்க" என்றார் மாமனார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். பதினோரு பேரும் எதிர் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். நிலம் முழுக்க நீலத்தைத் தெளித்துக்கொண்டு ராஜா மாதிரி போனேன். வரப்பு நெருங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்பிரேயை மூடும் லீவரை இழுத்தேன். அது ஸ்பிரேயை மூடும் லீவர் அல்ல. கையை உயர்த்தும் லீவர்.

இரண்டு கைகளும் நிதானமாக மேலே எழுந்து அவர்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றன. எனக்குப் பின்னாலிருந்து காற்று. வரப்பில் நின்றவர்களுக்குப் பின்னால் சேற்று வாய்க்கால். ஆளுக்கொரு நாசில் என்ற கணக்கில் பதினோரு பேர் மேலும் நீலம் பீய்ச்சியது. யாரும் ஓடவில்லை. மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது ஓடினால் மரியாதையாக இருக்காதாம். கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நின்றார்கள். கம்பெனிக்காரர் எகிறிக் குதித்து வந்து மூடும்வரை நின்றார்கள்.

ஒருவராவது திட்டியிருந்தால் உயிர் வந்திருக்கும். நெற்றி முதல் முழங்கால் வரை நீலமாக இருந்த மாமனார் மெதுவாக நடந்து வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ள, தண்ணி கிண்ணி குடிக்கிறீங்களா?"

பெரிய மாமா வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது போயிடுமா மாப்ள?" என்றார்.

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. தொழில் மட்டும் வேலை செய்தது. "போயிடும் மாமா. ஆயிரத்து இருநூறு டிகிரில, சூளையில வச்சா போயிடும்."

தூரத்தில் நின்ற என் மனைவி மலர் ஒரே வார்த்தைதான் பேசினாள். "ஏங்க." அதிலேயே எல்லாம் இருந்தது.

தலையைக் குனிந்துகொண்டு அந்த வேட்டிகளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குள் இருந்த கிளேஸ்காரன் விழித்துக்கொண்டான். பெரிய மாமா மீது நீலம் வழிந்து ஓடியது. அவருக்குப் பக்கத்தில் நின்றவர் மீது அங்கங்கே நாலு சொட்டு. அடுத்தவர் மறுபடியும் வழிசல். கடைசியில் நின்றவர் மீது மட்டும் லேசான நீலச் சாரல். இப்படிப் பூச்சடித்த இன்சுலேட்டரை நாங்கள் சூளைக்கே அனுப்ப மாட்டோம். அப்படியே கழுவிவிட்டு மறுபடி அடிப்போம்.

"யாரும் அசையாதீங்க" என்றேன். (அதற்கும் அசையாமல் நின்றார்கள்.) வரிசையாக ஒவ்வொரு வேட்டியையும் காட்டினேன். "ஒரே வண்டி, ஒரே தண்ணி. இவருக்கு மட்டும் ஏன் இவ்ளோ, அவருக்கு ஏன் இத்தினூண்டு? மருந்தா இருந்தா இங்க செடி கருகிடும், அங்க புழு பொழச்சிக்கும்."

"டெமோ வண்டி சார். நாசில் தேஞ்சிருக்கும்" என்றார் சிவப்பு வண்டிக்காரர்.

"வெறுந்தண்ணி அடிச்சே தேயுதுன்னா, மருந்து அடிச்சா எத்தினி நாளுக்கு வரும்?" என்று கேட்டார் மாமனார். அப்போதுதான் அவர் முகத்தில் நீலத்தையும் தாண்டி ஒரு வெளிச்சம் வந்தது.

பச்சை வண்டியையும் அதே மாதிரி பார்க்க வேண்டும். பார்க்க ஒரு வெள்ளைத் துணி வேண்டும். அந்த இடத்தில் மிச்சமிருந்த ஒரே வெள்ளை வேட்டி, வண்டிக்கு மேலே பத்திரமாக உட்கார்ந்திருந்த என்னுடையது. பெரிய மாமாவிடம் ஒரு நீலத் துண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, மாமனார் எடுத்துக் கொடுத்த எட்டு முழத்தையும் வரப்போரம் நீளவாக்கில் விரித்தேன். மிச்சமிருந்த நீலத் தண்ணீரைப் பச்சை வண்டியில் ஊற்றி, அந்தக் கம்பெனிக்காரரே ஓட்டினார். (என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை.)

வேட்டியைத் தூக்கிப் பிடித்தோம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராக, பொடிப்பொடியாக நீலப் புள்ளி. நான் அடித்திருந்தால்கூட அவ்வளவு சீராக வந்திருக்காது. குனிந்து நாசிலைப் பார்த்தேன். துளைக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நகத்தால் சுண்டினேன். பீங்கான். நான் தினமும் தொடுகிற சாமான், அவ்வளவு சீக்கிரம் தேயாது. அந்த நாசிலை அப்படியே முத்தமிட்டிருப்பேன், மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டோடு நின்று பங்காளிகளிடம் சொன்னேன். "நான் சிவப்புன்னு சொன்னது தப்பு. பச்சைய வாங்குங்க."

மாப்பிள்ளை தன் தப்பை ஒத்துக்கொண்டதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை போல. பெரிய மாமாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். பதினோரு நீல முகங்களும் சேர்ந்து சிரித்தன. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் எது என்று யாராவது கேட்டால், துண்டு கட்டிக்கொண்டு நின்ற அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

பச்சை வண்டி இன்றுவரை ஓடுகிறது. நிலம் குத்தகைக்குப் போகவில்லை. மாமனார்தான் ஓட்டுகிறார், நிமிர்ந்து உட்கார்ந்து. பழைய முதுகு டேங்கில் மாமியார் மல்லிகைச் செடி வைத்திருக்கிறார்.

நீலம் மட்டும் போகவில்லை. மாமனார் வீட்டில் இன்றைக்கும் சட்டையில் சாம்பார் கொட்டினாலும், பிள்ளை சுவரில் கிறுக்கினாலும், சம்பந்தியோடு மனஸ்தாபம் வந்தாலும் ஒரே மருந்துதான்: "வுடு, சூளையில வச்சா போயிடும்."

போன மாதம் எங்கள் மகளுக்கு விருத்தாசலத்தில் காதுகுத்து. நான் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, மாமனார் அந்த நீல வேட்டியிலேயே வந்து இறங்கினார். பின்னாலேயே மற்ற பத்துப் பேரும், அதே மாதிரி.

"என்ன மாமா இது?" என்றேன்.

"நீங்க ஃபங்ஷன் வச்சா நாங்க இததான் கட்டுவோம் மாப்ள" என்றார். "அதுவும் இல்லாம, சூளை இருக்குற ஊருக்கு வரோமே, கையோட போட்டு எடுத்துக்கலாம்னு பாத்தோம்."